பழைய பீட்டிலில் கியர் ஆயில் கசிவும் கிளட்ச் கேபிளும்

1960களின் ஃபோக்ஸ்வாகன் பீட்டிலில் கியர் பெட்டியின் அருகே ஆயில் சொட்டினால், உள்ளிருக்கும் சீல்களைச் சந்தேகிக்கும் முன், பின் அச்சுக் குழாய்களின் ரப்பர் உறைகளைப் பாருங்கள். வயதான வண்டிகளில் பெரும்பாலும் வெடித்திருப்பவை அவையே. அடிப்பகுதியைத் துடைத்துவிட்டுச் சிறிது தூரம் ஓட்டி வந்தால் கசியும் இடம் தெளிவாகத் தெரியும். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள்; ஸ்டாண்டு கட்டாயம் வேண்டும்.

ஆயிலை வடிப்பதற்கு முன், பக்கவாட்டிலுள்ள நிரப்பும் மூடியை 17 மி.மீ. அறுகோணச் சாவியால் கழற்ற முடிகிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். அது இறுகியிருக்கும்போது கீழ் மூடியைத் திறந்துவிட்டால், புது ஆயில் ஊற்ற வழியின்றி வண்டி நின்றுவிடும். அச்சைக் கழற்றாமலே சுற்றி மாட்டத்தக்க, பிளவுள்ள புதிய உறையை, திருகுகள் வரும் மடிப்பு கீழே அமையாமல் பக்கவாட்டில் இருக்குமாறு மாட்டி, சக்கரங்கள் தரையில் ஊன்றிய பிறகே கிளாம்புகளை இறுக்க வேண்டும். அச்சு தொங்கும் நிலையில் இறுக்கினால் உறை முறுக்கிக்கொண்டு விரைவில் கிழியும். பிறகு எஸ்.ஏ.இ. 90 (தடிமன் அளவு), ஜி.எல்.-4 (தர வகை) கியர் ஆயிலை, ஏறத்தாழ 2.5 லிட்டர், நிரப்பும் துளையின் விளிம்பு வரை ஊற்றுங்கள்.

கிளட்ச் கேபிளில் ஓர் இழை அறுந்திருந்தாலும் மாற்றிவிடுவதே என் பரிந்துரை. கியர் பெட்டியின் நெம்புகோலிலுள்ள சிறகு நட்டைக் கழற்றி, பெடல் பக்கமாகக் கேபிளை உருவி, புதியதற்குக் கிரீஸ் தடவிச் செலுத்துங்கள். கேபிள் உள்ளே செல்லும் பின்புற வளைகுழாய் 25 முதல் 45 மி.மீ. வரை தொய்ந்திருக்க வேண்டும்; நேராக இருந்தால் கிளட்ச் அதிரும். இறுதியாக, பெடலின் மேல்முனையில் 10 முதல் 20 மி.மீ. தளர்வு இருக்குமாறு சிறகு நட்டைச் சரிசெய்யுங்கள்.