வாடகை விபிஎஸ்ஸில் ஐபிவி6 போடுவது எப்படி: தொடக்கக்காரர்களுக்கு

வன்னியில் எனக்குத் தெரிந்த பிள்ளைகள் பலர் இப்போது மாத வாடகைக்கு ஒரு விபிஎஸ், அதாவது இணையத்தில் எப்போதும் ஓடும் ஒரு சேவர், எடுத்து வைத்திருக்கிறார்கள். ரியூசன் நிலையத்துக்கு ஒரு தளம், பழைய மாணவர் சங்கத்துக்கு ஒரு தளம், கிளிநொச்சியிலோ புதுக்குடியிருப்பிலோ இருக்கும் ஒரு கடையின் பொருள் பட்டியல், இப்படி ஏதாவது ஒன்று அதில் ஓடும். வீட்டிலேயே சேவர் வைக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: சிம் போடுகிற 4ஜி ரவுட்டரில் பெரும்பாலும் உங்களுக்கென்று பொது ஐபிவி4 விலாசம் (இணையத்தில் ஒரு இயந்திரத்தை அடையாளம் காட்டும் இலக்கம்) இருக்காது, ஒரே விலாசத்தைப் பலபேர் பங்குபோடுவார்கள், வெளியில் இருந்து உள்ளே வர வழி கிடைக்காது. அதனால் விபிஎஸ் எடுப்பது சரியான முடிவுதான். ஆனால் எடுத்தவர்களில் அநேகம்பேர் ஐபிவி4ஐ மட்டும் வைத்து ஓட்டுகிறார்கள், கொடுக்கிற அதே வாடகைக்குள் வந்த ஐபிவி6 விலாசம், அதாவது அதன் புதிய வகை, தொடப்படாமலே கிடக்கிறது.

ஐபிவி4 என்பது 32 பிட், மொத்தம் சுமார் 429 கோடி விலாசங்கள். உலகப் பொதுக் கையிருப்பு 2011 பெப்ரவரியிலேயே பங்கிட்டு முடிந்துவிட்டது. இப்போது அது விலைப்பொருள்: அமேசானின் வாடகை சேவர் சேவையான ஏடபிள்யூஎஸ் 2024 பெப்ரவரியில் இருந்து ஒவ்வொரு பொது ஐபிவி4 விலாசத்துக்கும் மணிக்கு 0.005 டொலர் எடுக்கிறது, மாதத்துக்கு ஏறக்குறைய 3.60 டொலர். சின்ன சேவர் ஒன்றின் முழு வாடகையே சில இடங்களில் அவ்வளவுதான். ஐபிவி6 128 பிட், அங்கே பஞ்சம் என்ற பேச்சே இல்லை. காசை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் நம் பிள்ளைகள்தான் இதை முதலில் பழக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

கட்டளைகளை இங்கே உச்சரிப்பின்படி தமிழில் எழுதுகிறேன், தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். உபுண்டு சேவர் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் இருக்கிறதா என்று பாருங்கள்

சேவருக்குள் நுழைந்து `ஐபி -6 அட்ரஸ்` என்று கொடுங்கள். எஃப்ஈ80 என்று தொடங்கி, வரியின் கடைசியில் "ஸ்கோப் லிங்க்" என்று ஒன்று நிற்கும். அதைப் பார்த்து ஐபிவி6 வந்துவிட்டது என்று சந்தோஷப்படாதீர்கள், அது பக்கத்து இயந்திரங்களோடு பேச மட்டும் உதவும் உள்விலாசம், எல்லா இயந்திரத்திலும் தானாக வரும். நீங்கள் தேடுவது 2 என்று தொடங்கி "ஸ்கோப் குளோபல்" என்று முடியும் வரி. அது இருந்தால் `பிங் -6 2001:4860:4860::8888` கொடுங்கள், அது கூகுளின் டிஎன்எஸ் சேவர் (தளப் பெயரை விலாசமாக மாற்றித் தருவது). பதில் வந்தால் அடுத்த இரண்டு பகுதிகளையும் விட்டுவிட்டு நேரே ஃபயர்வோல் (வெளியில் இருந்து வருவதைத் தடுக்கும் காவல்) பகுதிக்குப் போகலாம்.

குளோபல் வரி இல்லையென்றால், சேவர் எடுத்த நிறுவனத்தின் கொன்ட்ரோல் பனலில் நெட்வேர்க் பக்கத்தைத் திறந்து பாருங்கள். சில இடங்களில் ஒரு பட்டனை அமத்தினால் போதும். சில இடங்களில் விலாசம் ஒதுக்கியிருப்பார்கள், சேவருக்குள் நீங்களே எழுத வேண்டும். அங்கிருந்து மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: உங்கள் விலாசம், அதன் பின்னால் வரும் /64 போன்ற எண், கேட்வேயின், அதாவது சேவரில் இருந்து வெளி இணையத்துக்குப் போகும் வாசலின், விலாசம். கேட்வே பல இடங்களில் எஃப்ஈ80::1 என்றே இருக்கும், பிழை என்று நினைக்க வேண்டாம், அப்படித்தான் வரும்.

சேவருக்குள் எழுதுவது

உபுண்டுவில் இது நெட்பிளான் என்ற நெட்வேர்க் அமைப்புக் கருவியின் வேலை. /ஈடிசி/நெட்பிளான் என்ற ஃபோல்டருக்குள் 50-கிளவுட்-இனிட் என்று பெரும்பாலும் ஒரு ஃபைல் ஏற்கெனவே இருக்கும். அதில் கை வைக்காதீர்கள், ரீபூட்டில் அது திரும்ப எழுதப்பட்டு உங்கள் மாற்றம் காணாமல் போகலாம். பக்கத்தில் 60 என்று தொடங்கும் பெயரில், அதே யமல் வகையில் (இடைவெளிகளால் அமைப்பைக் காட்டும் ஃபைல் வகை), புது ஃபைல் ஒன்று வையுங்கள், நெட்பிளான் இரண்டையும் சேர்த்துப் படிக்கும். பழைய ஃபைலின் மேல்பகுதியை, அதாவது நெட்வேர்க், வேர்ஷன், ஈதர்நெட்ஸ், அதன் கீழே இன்டர்ஃபேஸ் பெயர் என்ற வரிகளை, அப்படியே பார்த்து எழுதிவிட்டு அதன் கீழ் இதைப் போடுங்கள்:

```
அட்ரஸஸ்:
  - உங்கள்-விலாசம்/64
ரூட்ஸ்:
  - டு: "::/0"
    வியா: கேட்வே-விலாசம்
    ஒன்-லிங்க்: ட்ரூ
```

யமலில் டேப் விசை கூடாது, இடைவெளி விசை மட்டும்தான். ஒரு இடைவெளி கூடினாலும் குறைந்தாலும் ஃபைல் முழுவதும் செல்லாமல் போகலாம். விலாசத்தை மட்டும் எழுதிவிட்டு ரூட்ஸ் பகுதியை விட்டுவிடுவதுதான் நான் அதிகம் காணும் சிக்கல். வயல் வரைக்கும் வாய்க்கால் வெட்டியாகிவிட்டது, குளத்தில் துருசு திறக்கவில்லை என்ற மாதிரி, விலாசம் வடிவாகத் தெரியும், ஒரு பிங்கும் போகாது.

இனி `சூடோ நெட்பிளான் ட்ரை`. அப்ளை கொடுக்காமல் ட்ரை கொடுக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: திரையில் 120இல் இருந்து நொடிகள் குறைந்துகொண்டு வரும், அதற்குள் எண்டர் அமத்தினால் மாற்றம் நிற்கும், அமத்தாவிட்டால் பழைய நிலைக்குத் தானே திரும்பிவிடும். ஆயிரக்கணக்கான கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கும் இயந்திரத்தில் நெட்வேர்க்கை மாற்றும்போது இந்த இரண்டு நிமிடம்தான் உங்கள் பாதுகாப்பு. அதுவும் கைகொடுக்காவிட்டால் பனலில் இருக்கும் வெப் கொன்சோல் வழியாக உள்ளே போகலாம், அது எங்கே இருக்கிறது என்று வேலை தொடங்க முன்பே பார்த்து வையுங்கள். அப்புறம் மறுபடி அந்த பிங்கைக் கொடுங்கள்.

நிறுவனம் ஐபிவி6 தரவே இல்லையென்றால்

ஒரு ரிக்கெட் (உதவிக் கோரிக்கை) போட்டுக் கேளுங்கள், கேட்டவர்களுக்கு மட்டும் கொடுக்கும் இடங்களும் உண்டு. இல்லவே இல்லை என்றால் ஹரிக்கேன் எலெக்ட்ரிக் நிறுவனம் இலவசமாக டனல் தருகிறது, உங்கள் ஐபிவி4க்குள் ஐபிவி6 பொட்டலத்தை வைத்து அனுப்பும் முறை. கணக்குத் திறந்து உங்கள் சேவரின் ஐபிவி4 விலாசத்தைக் கொடுத்தால் ஒரு /64, அதாவது ஒரு தொகுதி ஐபிவி6 விலாசங்கள், கிடைக்கும். டனலின் மறுமுனையைத் தேர்ந்தெடுக்கும்போது அது உங்கள் வீட்டுக்குக் கிட்டவாக இருக்க வேண்டியதில்லை, சேவருக்குக் கிட்டவாக இருக்க வேண்டும். மாங்குளத்தில் இருந்துகொண்டு ஜேர்மனி சேவருக்குச் சிங்கப்பூர் முனையைப் போட்டால் ஒவ்வொரு பொட்டலமும் ஜேர்மனிக்கும் சிங்கப்பூருக்கும் இடையில் வீணாக அலையும், பிராங்க்பேர்ட்டைப் போடுங்கள். டனலின் எம்டியூ, அதாவது ஒரு பொட்டலத்தின் அதிகபட்ச அளவு, 1480 பைட், ஏனென்றால் வழக்கமான 1500இல் ஐபிவி4 தலைப்பு 20 பைட்டை எடுத்துவிடுகிறது. இது பழக நல்லது. நிரந்தரத்துக்கு ஐபிவி6 தரும் வேறு நிறுவனத்துக்கு மாறுவதே மேல்.

ஃபயர்வோல்: அவசரப்படக் கூடாத இடம்

ஐபிவி4க்கு ஐபிடேபிள்ஸ் என்ற ஃபயர்வோல் கருவியில் எழுதிய விதிகள் ஐபிவி6ஐக் கட்டுப்படுத்தாது, அதற்கு ஐபி6டேபிள்ஸ் என்று தனி விதிகள். அதாவது நீங்கள் கவனமாக மூடி வைத்த டேட்டாபேஸின் 3306 கதவு, ஐபிவி6 வந்த அந்த நிமிடத்தில் அந்தப் பக்கமாக உலகத்துக்குத் திறந்திருக்கலாம். மாணவர்களின் பெயரும் பெற்றோரின் போன் இலக்கமும் உள்ள டேட்டாபேஸ் என்றால் இது சின்ன விஷயம் இல்லை. `எஸ்எஸ் -டிஎல்என்` கொடுத்துப் பாருங்கள். [::]:3306 என்றோ *:3306 என்றோ ஒரு வரி தெரிந்தால் டேட்டாபேஸ் எல்லாப் பக்கமும் காது கொடுத்துக்கொண்டிருக்கிறது, அதன் அமைப்பில் பைண்ட் அட்ரஸை 127.0.0.1 ஆக மாற்றுங்கள்.

யூஎஃப்டபிள்யூ என்ற எளிய ஃபயர்வோல் கருவியைப் பாவிப்பவர்கள் /ஈடிசி/டிஃபால்ட்/யூஎஃப்டபிள்யூ ஃபைலில் ஐபிவி6=யெஸ் என்று இருக்கிறதா பாருங்கள், இருந்தால் ஒரே விதி இரண்டுக்கும் விழும். `சூடோ யூஎஃப்டபிள்யூ ஸ்டேட்டஸ்` கொடுத்தால் 22, 80, 443 மூன்றும் இரண்டாவது தடவையாக "வி6" என்ற குறியோடு வர வேண்டும். நிறுவனத்தின் பனலிலும் தனி ஃபயர்வோல் இருந்தால் அங்கேயும் ஐபிவி6 வரிகளைச் சேருங்கள். ஒன்றை மட்டும் அடைக்காதீர்கள்: ஐசிஎம்பிவி6 (பிங் போன்ற செய்திகள் போகும் வழி). ஐபிவி4இல் பிங்கை அடைக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு, இங்கே அதை முழுதாக அடைத்தால் பக்கத்து ரவுட்டரைக் கண்டுபிடிக்கும் வேலையே நின்றுவிடும்.

வெப் சேவரும் டொமைனும்

என்ஜினெக்ஸ் என்ற வெப் சேவரின் அமைப்பில் ஒவ்வொரு சேவர் பிளொக்கிலும் `லிசன் 80;` என்பதற்குக் கீழே `லிசன் [::]:80;` சேருங்கள், 443க்கும் அதே மாதிரி. `சூடோ என்ஜினெக்ஸ் -டி` சரி என்று சொன்னால் ரீலோட்.

இப்போது வெளியில் இருந்து பார்க்க வேண்டும். போனில் டெஸ்ட்-ஐபிவி6.காம் திறந்து உங்களுக்கு ஐபிவி6 வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் அன்ட்ரொயிட்டில் ஏபிஎன் (மொபைல் இணைய இணைப்பு) அமைப்புக்குள் ஏபிஎன் புரோட்டோகோல் என்ற இடத்தில் ஐபிவி4/ஐபிவி6 என்று மாற்றிப் பார்க்கலாம். அதற்கும் வராவிட்டால் இணையத்தில் இருக்கும் ஐபிவி6 சோதனைத் தளம் ஒன்றைப் பாவியுங்கள். போனில் ஐபிவி6 வந்தால் பிரவுசரில் சேவரின் விலாசத்தைச் சதுர அடைப்புக்குறிக்குள் போட்டுத் திறவுங்கள், அடைப்புக்குறி இல்லாமல் திறக்காது.

பக்கம் திறந்த பிறகுதான் டிஎன்எஸ்ஸில் ஏஏஏஏ பதிவு (டொமைனை ஐபிவி6 விலாசத்தோடு இணைப்பது), அதற்கு முன் வேண்டவே வேண்டாம். ஏஏஏஏ இருந்தால் பிரவுசர்கள் ஐபிவி6ஐத்தான் முதலில் தட்டும், இலவசச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட்டும் அப்படியே, எனவே உள்ளே வேலை முடியாமல் பதிவைப் போட்டால் தளம் சிலருக்குத் தாமதமாகும், சான்றிதழ் புதுப்பிப்பும் தோற்கலாம். பதிவை மற்றவர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரமான டிடிஎல்லை 300 நொடி என்று வைத்தால், பிழைத்தாலும் ஐந்து நிமிடத்தில் மீட்டுவிடலாம். பழைய ஏ பதிவை அழிக்காதீர்கள், ஐபிவி4 மட்டும் உள்ளவர்களுக்கு வழி அதுதான்.

அந்த சேவரில் இருந்து மெயில் அனுப்புபவர்கள் ஐபிவி6 விலாசத்துக்கு ரிவேர்ஸ் டிஎன்எஸ்ஸும் (விலாசத்தில் இருந்து பெயரைக் காட்டும் பதிவு) பனலில் போட வேண்டும், அது இல்லாத மெயிலை ஜிமெயில் ஏற்காது. எல்லாம் முடிந்ததும் சேவரை ஒருமுறை ரீபூட் செய்துவிட்டு `கேர்ள் -6 -ஐ` என்று (இந்த ஐ பெரிய எழுத்தில்) உங்கள் டொமைனைக் கொடுங்கள். முதல் வரியில் 200 வர வேண்டும், தளம் எச்டிடிபிஎஸ்ஸுக்குத் திருப்பிவிடுவது என்றால் 301.