டயப்பர் மாட்டுவதற்கு முன்: முதியோர் இல்லத்தில் சிறுநீர்க் கசிவைக் கவனிக்கும் முறை

முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே காதில் விழும்: "வயசாயிடுச்சுல்ல, அப்படித்தான் போகும். டயப்பர் மாட்டிடு." மாட்டலாம், தப்பில்லை. ஆனால் ஏன் போகிறது என்று பார்க்காமல் மாட்டினால், சரியாகக்கூடிய கசிவும் நிரந்தரமாகிவிடும்.

படி 1: 3 நாள் எழுதுங்கள். எத்தனை மணிக்கு நனைந்தது, எப்போது பாத்ரூம் போனார், என்ன குடித்தார். அளவு தெரிய வேண்டுமா? நனைந்த டயப்பரின் எடையிலிருந்து புது டயப்பரின் எடையைக் கழியுங்கள். 1 கிராம் ஏறத்தாழ 1 மில்லி.

படி 2: எப்படிப் போகிறது என்று பாருங்கள். இருமினால், தும்மினால் கொஞ்சம் கசிந்தால், சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசை தளர்ந்திருக்கலாம். அவசரமாக வந்து பாத்ரூம் போவதற்குள் போய்விட்டால், சிறுநீர்ப்பை தானாகச் சுருங்குகிறது. எந்நேரமும் சொட்டுச் சொட்டாக வந்து அடிவயிறும் உப்பியிருந்தால் பை நிறைந்து வழிகிறது என்று சந்தேகப்பட வேண்டும். புராஸ்டேட் (சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள சுரப்பி) வீங்கிய ஆண்களுக்கு இப்படி வரும். இதில் தாமதம் கூடாது, உடனே நர்ஸிடம் சொல்லுங்கள்.

இன்னொன்றும் உண்டு. பை நன்றாகத்தான் இருக்கும். ஆனால் வாக்கர் எட்டாது, பைஜாமா நாடா அவிழாது, மறதி நோயால் பாத்ரூம் கதவு எது என்று தெரியாது. இதைச் சரிசெய்ய மாத்திரை தேவையில்லை, நம்மால் முடியும்.

படி 3: திடீரென ஆரம்பித்ததா? மலச்சிக்கல், புது மாத்திரை, திடீர்க் குழப்பம், நீர்க்கடுப்பு என ஒவ்வொன்றாகப் பாருங்கள். நாற்றம் இருக்கிறது என்பதற்காக மட்டும் கிருமித்தொற்று என்று முடிவு கட்டாதீர்கள். எரிச்சலோ காய்ச்சலோ உண்டா என்று கவனித்துச் சொல்லுங்கள்.

படி 4: கேட்டுக் கூட்டிப்போங்கள். பலன் தெரிவது இங்கேதான். பகலில் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை பெயரோ உறவோ சொல்லிக் கூப்பிட்டு, "பாட்டி, ஈரமா இருக்கா, காஞ்சிருக்கா?" என்று கேளுங்கள். அப்புறம் தொட்டுப் பாருங்கள். அடுத்து, "பாத்ரூம் போயிட்டு வரலாமா?" வேண்டாம் என்றால் இன்னும் ஓரிரு முறை கேட்கலாம், இழுத்துக்கொண்டு போகக் கூடாது. காய்ந்திருந்தால் அதைச் சொல்லிப் பாராட்டுங்கள். நனைந்திருந்தால் முகத்தைச் சுளிக்காமல் மாற்றிவிடுங்கள். அடுத்து எப்போது வருவீர்கள் என்றும் சொல்லிவிட்டுப் போங்கள்.

மறதி நோய் இருப்பவர்களிலும் சிலருக்கு இது பலன் தரும். பலன் உண்டா என்பது பெரும்பாலும் 3 நாளிலேயே தெரிந்துவிடும். இல்லையென்றால் நேரம் பார்த்து டயப்பர் மாற்றுவதே போதும்.

படி 5: தண்ணீரைக் குறைக்காதீர்கள். பலர் குறைப்பார்கள். அதனால் சிறுநீர் அடர்த்தியாகிப் பையை உறுத்தும், மலச்சிக்கலும் வரும். மாலைக் காபி, டீயைக் குறைக்கலாம். டாக்டர் தண்ணீருக்கு அளவு சொல்லியிருந்தால் அதன்படியே கொடுங்கள்.

படி 6: தோல். முன்னிருந்து பின்னாகத் துடையுங்கள், தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். துத்தநாகக் (ஜிங்க்) களிம்பை மெல்லிசாகப் பூசுங்கள். அப்பினால் டயப்பர் ஈரத்தை உறிஞ்சாது.

யூரின் டியூப் நம் வசதிக்காகப் போடுவதல்ல. உள்ளே இருக்க இருக்கத் தொற்று அபாயம் கூடும். எப்போது போடுவது என்பது டாக்டர் முடிவு.

டியூட்டி மாறும்போது "நனைச்சுட்டாங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். "10 மணிக்குக் கேட்டேன், வந்தாங்க, போனாங்க. 12 மணிக்குக் காஞ்சிருந்தது" என்று சொன்னால்தான் அடுத்தவர் 2 மணிக்குப் போய்க் கேட்பார்.