எடிட்டர் கேள்வி கேட்கும்போது சறுக்கும் இடங்கள்

கொழும்பில் கம்பஸ் புரொஜெக்டுக்குச் சொந்தமாக எடிட்டர் (உரையைத் தட்டித் திருத்தும் நிரல்) எழுதுபவர்கள் பலர், ஆங்கில விசைப்பலகையை மட்டும் மனதில் வைத்தே கேள்விப் பெட்டியை அமைக்கிறார்கள். "சேமிக்கவா? ஒய் / என்" என்று, ஆமுக்கு Y, இல்லைக்கு N கேட்கிறது பெட்டி. தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை அமைப்பில் தட்டிக்கொண்டிருப்பவர் ஒய் விசையை அழுத்தினால் ள வரும், என் (N) விசைக்கு ல. நிரல் இரண்டையும் ஏற்காது, பெட்டியும் அசையாது. ஒரே கடிதத்தில் மூன்று மொழியும் தட்டுகிற ஊரில் இது பெரிய தொல்லை. டெர்மினலில் (எழுத்தாலேயே இயங்கும் கட்டளைத் திரையில்) ஓடும் எடிட்டருக்கு எந்த விசை என்பது பெரும்பாலும் தெரியாது, எழுத்துத்தான் வந்து சேரும். ஆகவே அம்புக்குறி, என்டர், எஸ்கேப் ஆகியவற்றாலும் பதில் சொல்ல வழி வையுங்கள்.

கேள்வியின் வாசகமும் காலை வாரும். "சேமிக்காமல் மூடவா?" என்று கேட்டு "ஆம், இல்லை" என்று இரண்டு பொத்தான் வைத்தால், அவசரத்தில் இருப்பவர் "ஆம், சேமி" என்று நினைத்தே அழுத்துவார். எழுதியதெல்லாம் போச்சு. பொத்தானிலேயே வேலையைச் சொல்லிவிடலாம்: சேமி, சேமிக்காமல் மூடு, திரும்பிப் போ. திரும்ப எடுக்க முடியாத சில வேலைகளுக்கு ஈமாக்ஸ் என்ற எடிட்டர் ஒற்றை எழுத்தை ஏற்பதில்லை, "யெஸ்" என்று முழுதாகத் தட்டச் சொல்லும். எரிச்சல்தான், ஆனால் அந்தத் தாமதம் வேண்டுமென்றே வைத்தது.

அப்புறம் பெட்டியின் அகலக் கணக்கு. "கொழும்பு" கண்ணுக்கு 4 எழுத்து, யூனிகோடில் 8 குறியீடு, அதைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 24 பைட். பைட்டை எண்ணிப் பெட்டி வரைந்தால் வலது ஓரக் கோடு எங்கோ போய் நிற்கும். 8 என்று எண்ணினாலும் சரிவராது. டெர்மினல் எத்தனை கட்டம் ஒதுக்குகிறது என்பதுதான் கணக்கு, அது டெர்மினலுக்கு டெர்மினல் மாறும். தமிழ் வரும் வரிக்கு வலது ஓரக் கோடே போடாமல் விடுவது என் வழக்கம்.

சாளர அமைப்பில் முக்கியமாக ஒன்று. தேடல் பெட்டியை நடுத்திரையில் போட்டு, தேடிக் கிடைத்த வரியையே மறைக்காதீர்கள். விம், நானோ போன்ற எடிட்டர்கள் எல்லாம் கேள்வியைக் கீழ் ஓரத்தில் கேட்பது சும்மா இல்லை. உதவிச் சாளரம் திறக்கும்போது பயனர் பிரித்து வைத்திருந்த சாளரங்களை நெருக்கினால், மூடும்போது பழைய அளவுக்கே கொண்டுவந்து விடுங்கள், கர்சரையும் விட்ட வரியிலேயே வையுங்கள்.