ஓக் பார்க்கில் முதலில் வீடு, அப்புறம் சர்ச்

ஃபிராங்க் லாய்ட் ரைட் என்ற கட்டடக் கலைஞரைப் பிடிக்கும் என்றால், சிகாகோ போகும்போது ஓக் பார்க்குக்கு ஒரு முழு நாளை ஒதுக்கிவிடுங்கள். 1889-இல் தனக்கென்று கட்டி 1909 வரை அவர் குடியிருந்த வீடும், அவர் கட்டிய யூனிட்டி டெம்பிள் சர்ச்சும் அங்கே நடக்கிற தூரத்தில் இருக்கின்றன. நகர மையத்தில் கிரீன் லைன் ரயில் ஏறினால் கிட்டத்தட்ட அரை மணி நேரம்தான், ஓக் பார்க் ஸ்டேஷனில் இறங்க வேண்டும். வீட்டுக்குள் வழிகாட்டியோடுதான் விடுவார்கள், அதனால் கிளம்பும் முன்பே இணையத்தில் நேரம் பார்த்து டிக்கெட் எடுத்துவிடுங்கள்.

ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருப்பது சர்ச்தான், லேக் தெருவிலேயே கண்ணில் படும், உடனே நுழையத் தோன்றும். நுழையாதீர்கள். அதைத் தாண்டி வடக்கே பத்து, பதினைந்து நிமிடம் நடந்தால் சிகாகோ அவென்யூவும் ஃபாரஸ்ட் அவென்யூவும் சந்திக்கிற முனையில் வீடு. சர்ச்சில் அவர் பெரிதாகச் செய்ததை இங்கேதான் முதலில் சின்னதாகச் செய்து பார்த்திருக்கிறார் என்பது என் எண்ணம், அந்த வரிசையில் பார்த்தால்தான் அது பிடிபடும்.

வீட்டில் ரொம்ப நேரம் நிற்க வேண்டிய இடம் மாடியில் இருக்கிற குழந்தைகள் விளையாட்டு அறை, 1895-இல் சேர்த்தது. அதற்குப் போகிற வழி குறுகலாக, இருட்டாக, தலையில் இடிக்குமோ என்கிற மாதிரி தாழ்வாக இருக்கும். அதைத் தாண்டியதும் கூரை வளைந்து மேலே எழும்பிவிடும், நடுவில் மரப் பின்னல் வழியே வெளிச்சம் இறங்கும். ஜன்னல்கள் குழந்தைகளின் உயரத்துக்குத் தாழ்வாக வைத்தவை, கொஞ்சம் குனிந்து வெளியே பாருங்கள். பியானோவைச் சுவருக்குள் தள்ளி, அதன் உடம்பைப் பின்னால் இருக்கிற மாடிப்படிக்கு மேலே தொங்கவிட்டிருக்கிறார், படியில் போகும்போது அண்ணாந்து பார்க்க மறக்காதீர்கள். 1898-இல் ஒட்டிக் கட்டிய ஸ்டூடியோவில் வரைபட அறையின் பால்கனியைத் தாங்குவது கூரையிலிருந்து இறங்கும் இரும்புச் சங்கிலிகள். யூனிட்டி டெம்பிளின் வரைபடங்கள் உருவானது இந்த ஸ்டூடியோவில்தான்.

திரும்பும்போது ஃபாரஸ்ட் அவென்யூ வழியாக வாருங்கள். ஹர்ட்லி வீடு உட்பட அவர் கட்டிய பல வீடுகள் அந்தத் தெருவில் இருக்கின்றன, ஆனால் எல்லாம் ஆட்கள் குடியிருக்கிற வீடுகள், நடைபாதையில் நின்று பார்ப்பதோடு சரி.

இப்போது சர்ச். 1905-இல் பழைய சர்ச் இடி விழுந்து எரிந்துபோனது, கையில் இருந்த பணமும் குறைவு, அதனால் கல்லுக்குப் பதிலாக கான்கிரீட்டை அச்சில் வார்த்து, அதையே பூசி மறைக்காமல் விட்டுவிட்டார். வெளியிலிருந்து பார்த்தால் மூடிய பெட்டி மாதிரி, தெருப்பக்கம் வாசலே தெரியாது, காரணம் லேக் தெருவின் இரைச்சல். பக்கவாட்டில் படியேறி உள்ளே போனால், நேரே மண்டபத்துக்கு விடாமல் தாழ்வான, மங்கலான ஒரு நடைவழியில் உங்களைத் திருப்பிவிடும். அங்கே அவசரப்படாதீர்கள், கண் இருட்டுக்குப் பழகட்டும். அப்புறம் சில படிகள் ஏறினால் மேலே 25 சதுரங்களில் பதித்த தேன்நிறக் கண்ணாடி வழியே வெளிச்சம், சுற்றிலும் அடுக்கடுக்காக இருக்கைகள், விளையாட்டு அறையில் பார்த்த அதே வித்தை, நானூறு பேர் உட்காரும் அளவில். மேகமூட்டமான நாளிலும் வெயில் மாதிரி தெரிய வேண்டும் என்றுதான் அந்த நிறம். மேல் அடுக்கில் ஒரு மூலையில் உட்கார்ந்து பாருங்கள், பிரசங்க மேடை எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது என்று அங்கேதான் தெரியும். வெளியே போகும் கதவுகளையும் மேடைக்கு இரு பக்கத்திலும் வைத்திருக்கிறார், மக்கள் போதகருக்கு முதுகைக் காட்டாமல் அவரை நோக்கி நடந்தே வெளியேறட்டும் என்று.

2019-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தாலும் இது இன்றைக்கும் சபை கூடுகிற சர்ச். ஞாயிறு காலை ஆராதனை நேரத்தில் சுற்றிப் பார்க்கப் போகாதீர்கள். ஆராதனையில் உட்காரப் போகலாம், கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டு.