அமிலத்தின் வலிமையை அறிவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீரில் கரைந்த அமில மூலக்கூறுகளில் எத்தனை பங்கு அயனிகளாகப் பிரிகிறது என்பதே வலிமை. ஒரு லிட்டர் கரைசலில் எவ்வளவு அமிலம் இருக்கிறது என்பது செறிவு. இவ்விரண்டையும் ஒன்றாகக் கொள்வதிலிருந்துதான் ஏனைய தவறுகளில் பல கிளைக்கின்றன.

பி.எச். மதிப்பை (கரைசலின் அமிலத்தன்மையைக் காட்டும் எண், அது குறையக் குறைய அமிலத்தன்மை கூடும்) மட்டும் வைத்து முடிவு கட்டுவது அவற்றுள் முதலாவது. 0.001 மோலார் (ஒரு லிட்டரில் 0.001 மோல்) ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பி.எச். 3, 1 மோலார் அசிட்டிக் அமிலத்துக்கோ ஏறத்தாழ 2.4. எண்ணை மட்டும் பார்ப்பவர் அசிட்டிக் அமிலமே வலிமை மிக்கது என்று எழுதிவிடுவார். இரண்டையும் 0.1 மோலாராக எடுத்துக்கொண்டால் முன்னதற்கு 1, பின்னதற்கு 2.9 என உண்மை வெளிப்படும். அந்தச் செறிவில் அசிட்டிக் அமில மூலக்கூறுகளில் சுமார் 1.3 சதவீதமே பிரிந்திருக்கும். அதையே 0.001 மோலாராக நீர்த்தால் பிரிகை 12 சதவீதத்தைத் தாண்டுகிறது. அதனால் அது வலிமை மிகு அமிலமாகிவிடுவதில்லை. 25 டிகிரி செல்சியஸில் அதன் பிரிகை மாறிலி (அமிலம் பிரியும் இயல்பைக் காட்டும், செறிவைச் சாராத எண்) 1.8 × 10⁻⁵ என்ற அளவிலேயே நிற்கிறது. செறிவு தெரியாத கரைசலைப் பத்து மடங்கு நீர்த்துப் பார்ப்பது நல்ல வழி: மிகவும் நீர்த்த கரைசலாக இல்லாதவரை, வலிமை மிகு அமிலத்தின் பி.எச். ஏறக்குறைய 1 உயரும், வலிமை குறைந்ததில் அரை அளவே உயரும்.

தரம்பார்த்தலில் (அமிலத்தில் காரத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்து அளவறியும் முறை) வலிமை குறைந்த அமிலத்துக்குக் குறைவான காரம் போதும் என்று எண்ணுவதும் பிழை. 0.1 மோலார் செறிவுள்ள 25 மி.லி. அமிலம் ஹைட்ரோகுளோரிக், அசிட்டிக் ஆகிய இரண்டில் எதுவாயினும், அதே செறிவுள்ள சோடியம் ஹைட்ராக்சைடு 25 மி.லி. வேண்டும், அயனிகள் செலவாகச் செலவாக மீதி மூலக்கூறுகளும் பிரிந்துகொண்டே வருகின்றன. மாறுவது சமநிலைப் புள்ளியின் (அமிலம் முழுவதும் காரத்தோடு வினைபுரிந்து முடியும் நிலை) பி.எச். மட்டுமே: ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு 7, அசிட்டிக் அமிலத்துக்குச் சுமார் 8.7. ஆகவே அந்நிலையை நிறமாற்றத்தால் காட்டும் நிறங்காட்டிகளில், பின்னதற்கு அமிலப் பகுதியிலேயே நிறம் மாறிவிடும் மெத்தில் ஆரஞ்சு உதவாது, காரப் பகுதியில் மாறும் பினாப்தலினே பொருந்தும்.

வாய்பாட்டிலுள்ள ஹைட்ரஜன்களை எண்ணுவதில் பயனில்லை. மூன்று கொண்ட போரிக் அமிலம் மிக வலிமை குறைந்தது, ஒன்றே கொண்ட பெர்குளோரிக் அமிலம் மிக வலிமையானது. கந்தக அமிலத்திலும் முதல் ஹைட்ரஜன் மட்டுமே முழுமையாகப் பிரிகிறது.

புளோரின் மிகுந்த எலக்ட்ரான் கவர்தன்மை உடையது என்பதால் ஹைட்ரோபுளோரிக் அமிலத்தை வலிமை மிக்கவற்றோடு சேர்ப்போர் பலர். அதன் பிணைப்பை முறிக்க ஒரு மோலுக்குச் சுமார் 570 கிலோஜூல் தேவை, ஹைட்ரஜன் குளோரைடுக்கு 431 போதும். அது வலிமை குறைந்திருப்பதற்கு இது முக்கியக் காரணம். ஆயினும் ‘வலிமை குறைந்தது’ என்பதைத் ‘தீங்கற்றது’ என்று வாசிக்கலாகாது. இது கண்ணாடியை அரிக்கும். தோல் வழியே ஊடுருவி இரத்தத்திலுள்ள கால்சியத்தைப் பிணைத்து உயிரையே பறிக்கக்கூடியது.