குப்பைத்தொட்டி அட்டையிலிருந்து தொடங்குங்கள்

ஃப்ளீட்வுட் மேக் கேட்கப்போகிறேன் என்று யாராவது சொன்னால், "எந்த ஃப்ளீட்வுட் மேக்?" என்றுதான் முதலில் கேட்பேன். பெயர் ஒன்று, பேண்டு இரண்டு. 1977-இல் 'ரூமர்ஸ்' போட்டு உலகமெங்கும் விற்றுத் தள்ளியவர்கள் ஒரு பக்கம். 1967-லிருந்து 1970 வரை இங்கிலாந்தில் ப்ளூஸ், அதாவது அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் பிறந்த இசை, வாசித்துக்கொண்டிருந்தவர்கள் இன்னொரு பக்கம். இரண்டிலும் இருந்தது டிரம்ஸ் வாசித்த மிக் ஃப்ளீட்வுட்டும் பேஸ் கிட்டார் வாசித்த ஜான் மெக்வீயும் மட்டும்தான். போன மாதம் என் அக்கா மகள் பழையவர்களை எப்படிக் கேட்பது என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் வேலை, சரியான ஆல்பத்தைப் பிடிப்பது. இதில் நான் ஏமாந்திருக்கிறேன். முதல் ஆல்பம் வேண்டும் என்று கேட்டு ஒரு கடையில் கேசட் வாங்கினேன். பேண்டின் பெயர்தான் தலைப்பு. சரி, இதுதான் என்று வீட்டுக்கு வந்து போட்டால் கொஞ்ச நேரத்திலேயே ஒரு பெண் பாடுகிறார். 1975-இல் வந்த ஆல்பத்துக்கும் அதே தலைப்பு வைத்திருக்கிறார்கள். அதனால் பெயரை நம்பாதீர்கள், அட்டையைப் பாருங்கள். ஒரு குறுகிய சந்து, குப்பைத்தொட்டி, ஒரு நாய். பிப்ரவரி 1968-இல் வந்தது அதுதான்.

போட்டவுடன் பாட்டை ரசிக்க வேண்டாம், எண்ணப் பழகுங்கள். ப்ளூஸின் எலும்புக்கூடு பன்னிரண்டு 'பார்', அதாவது பன்னிரண்டு சிறு தாளக் கட்டம். ஒரு பாருக்கு நான்கு தட்டு. நம் கையிலேயே அதற்கு அளவு இருக்கிறது. கட்டைவிரலை விட்டுவிட்டால் நான்கு விரல், விரலுக்கு மூன்று கணு. மேல் கணு நான்கையும் ஆள்காட்டி விரலிலிருந்து சுண்டுவிரல் வரை தொட்டு வாருங்கள், ஒரு கணுவுக்கு ஒரு பார். அது முதல் வரி. பின்னால் சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டம், அதாவது கார்டு, பெரும்பாலும் அசையாது. நடுக் கணு வரிசைக்கு வந்ததும் கார்டு மாறும். இரண்டு விரல் தாண்டியதும் தொடங்கிய கார்டுக்கே, வீட்டுக்கு, திரும்பிவிடும். அடிக்கணு வரிசையின் முதல் விரலில்தான் வீட்டை விட்டு ரொம்ப தூரம் போகிற கார்டு. அப்புறம் இறங்கி வந்து, மறுபடி மேல் கணு.

எண்ணிப் பார்க்க அந்த ஆல்பத்தில் 'ஷேக் யுவர் மணிமேக்கர்' வசதியானது. வேகம் அதிகம், இரண்டு தடவை தவறும், பரவாயில்லை. அக்கா மகளுக்கு நான்காவது தடவையில் வந்துவிட்டது. எனக்கு இதைவிட நாளானது என்பதை அவளிடம் சொல்லவில்லை. அதைப் பாடி, விரலில் குழாய் மாட்டிக் கம்பிமேல் வழுக்கி வாசிப்பவர் ஜெரமி ஸ்பென்சர். எல்மோர் ஜேம்ஸ் என்ற அமெரிக்கக் கலைஞர்மேல் அவருக்கு வெறித்தனமான பக்தி. அந்தப் பாட்டும் எல்மோர் ஜேம்ஸுடையதே. ஸ்பென்சர் செய்தது நகல்தான், ஆனால் மனசோடு செய்த நகல்.

அடுத்து, பேண்டைத் தொடங்கிய கிட்டார்காரர் பீட்டர் கிரீன். இங்கேதான் நிதானம் வேண்டும். அதே ஆல்பத்தில் 'த வேர்ல்ட் கீப் ஆன் டர்னிங்' என்று ஒன்று: அவர் குரலும் ஒரு அக்கூஸ்டிக் கிட்டாரும், வேறு யாரும் இல்லை. இதில் சுரங்களைக் கேட்காதீர்கள், சுரங்களுக்கு நடுவே அவர் எங்கே சும்மா இருக்கிறார் என்று கேளுங்கள். ஜான் மேயால் நடத்திய ப்ளூஸ்பிரேக்கர்ஸ் பேண்டில் கிட்டார்காரர் எரிக் கிளாப்டன் விட்டுப்போன இடத்துக்கு 1966-இல் வந்து உட்கார்ந்தவர் இவர். அந்த இடத்தில் வேறு யாராவது இருந்திருந்தால் வேகத்தைக் காட்டியிருப்பார்கள். இவர் குறைத்து வாசித்தார்.

பேண்டின் பெயரிலும் அந்தக் குணம் தெரியும். தன் பெயரை விட்டுவிட்டு, பின்னால் தாளம் பிடிக்கும் இருவரின் பெயரை ஒட்டி வைத்தார். இத்தனைக்கும் மெக்வீ அப்போது வரவே இல்லை. அவருக்கு மேயாலின் பேண்டில் நிலையான சம்பளம். 1967 ஆகஸ்ட் 13 அன்று வின்சர் ஜாஸ் ப்ளூஸ் விழாவில் முதல் மேடை ஏறியபோது பேஸ் வாசித்தவர் பாப் பிரன்னிங். மெக்வீ மனசு மாறினால் கிளம்பிவிட வேண்டும் என்ற பேச்சோடு வந்தவர். சில வாரங்களில் மெக்வீ வந்தார், பிரன்னிங் கிளம்பினார். 'லாங் கிரே மேர்' பாட்டில் மட்டும் பிரன்னிங்கின் பேஸ் இருக்கிறது. ஒரு தடவையாவது அவருக்காகக் கேளுங்கள்.

'ஆல்பட்ராஸ்' கேட்க ஹெட்ஃபோன் கட்டாயம். குரலே இல்லாத இந்தப் பாட்டு ஜனவரி 1969-இல் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. மிக் ஃப்ளீட்வுட் குச்சிக்குப் பதிலாகப் பஞ்சுத்தலை வைத்த கோலால் அடிப்பதால் டிரம்ஸ் அலை மாதிரி உருண்டு வரும். கிரீனோடு சேர்ந்து இழையும் கிட்டார், பேண்டில் புதிதாகச் சேர்ந்த பதினெட்டு வயது டேனி கிர்வனுடையது. அதே ஜனவரியில் இவர்கள் சிகாகோவில் செஸ் ஸ்டூடியோவில் உட்கார்ந்து ஓடிஸ் ஸ்பான், வில்லி டிக்சன் போன்ற அமெரிக்க ப்ளூஸ் பெரியவர்களோடு வாசித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பதிவை அடுத்த வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். காது பழகாமல் கேட்டால் எல்லாம் ஒன்றுபோலவே தோன்றும்.

கிட்டார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கிரீனின் 1959 லெஸ் பால் கிட்டாரில், கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப் இரண்டில் கழுத்துப் பக்கத்து பிக்கப்பின் காந்தம் தலைகீழாக இருந்தது. ஸ்விட்சை நடுவில் வைத்து இரண்டு பிக்கப்பையும் சேர்த்து வாசித்தால் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு கனமான ஒலி போய்விடும். மூக்கால் பாடுவது போல மெலிசாக ஒன்று மிஞ்சும். காந்தத்தை நீங்களே திருப்பிப் பார்க்கிறேன் என்று இறங்காதீர்கள். நான் இறங்கினேன். பிக்கப் போனதுதான் மிச்சம்.

மே 1970-இல் கிரீன் விலகிவிட்டார். பணம் சேருவதே அவருக்கு உறுத்தியது. கொடுத்துவிடலாம் என்று மற்றவர்களையும் கேட்டுப் பார்த்தார். அதற்கு ஒரு வருஷம் முன்பு, ஏப்ரல் 1969-இல் வந்த 'மேன் ஆஃப் த வேர்ல்ட்' பாட்டை வரிசையை மீறிக் கடைசிக்கு வையுங்கள். எல்லாம் இருந்தும் தான் பிறக்காமலே இருந்திருக்கலாம் என்கிற மனுஷனின் பாட்டு. முடிந்ததும் அப்படியே உட்கார்ந்துவிட வேண்டாம், அதே இசைத்தட்டின் பின்பக்கத்தைத் தேடிப் போடுங்கள். அங்கே 'ஏர்ல் வின்ஸ் அண்ட் த வேலியண்ட்ஸ்' என்று பொய்ப் பெயர் போட்டுக்கொண்டு, இன்றைக்கு ராத்திரி யாருக்கோ மண்டை உடையப்போகிறது என்று ஸ்பென்சர் கத்திக்கொண்டிருப்பார்.