குறட்டைக் கருவிக்கு அளவு கொடுக்கும் முன் பல் வேலையை முடியுங்கள்

குறட்டைக்கோ தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவதற்கோ பல்லில் மாட்டும் கருவி செய்யப் போகிறீர்களா? சொத்தை அடைப்பது, கேப் போடுவது, பிடுங்க வேண்டிய பல்லைப் பிடுங்குவது எல்லாவற்றையும் முதலில் முடித்துவிடுங்கள். அப்புறம் அளவு கொடுங்கள்.

இந்தக் கருவி கீழ்த்தாடையைச் சில மில்லிமீட்டர் முன்னுக்கு இழுத்துப் பிடிக்கிறது. நாக்கும் கூடவே முன்னே வருவதால் தொண்டையில் காற்றுக்கு இடம் கிடைக்கிறது. ஆனால் இழுக்கும் பாரம் முழுவதும் பற்கள்மேல்தான். அதனால்தான் ஒவ்வொரு பல்லின் வடிவத்துக்கும் கச்சிதமாகப் பொருந்தும்படி அச்செடுத்துச் செய்கிறார்கள். பிறகு ஒரே ஒரு கேப் புதிதாக வந்தாலும் கருவி சரியாக உட்காராமல் போகலாம். சில சமயம் திரும்பச் செய்ய வேண்டியதுதான், அதன் செலவோ கொஞ்சநஞ்சமல்ல. ஈறு நோயால் ஆடும் பல் இருந்தால் அதையும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

கருவி ஏற்கெனவே கையில் இருக்கிறதா? கேப் போடப் போகும்போது அதையும் எடுத்துப் போங்கள். கேப்பையே அதற்குப் பொருந்தும்படி செய்யப் பார்ப்பார்கள்.

நாக்கை உறிஞ்சிப் பிடிக்கும் வகைக் கருவிக்கு இந்தக் கவலை இல்லை, அது பல்லைப் பிடித்து நிற்பதில்லை. தூக்கப் பரிசோதனையில் மணிக்கு 30 முறையோ அதற்கு மேலோ மூச்சுத் தடைபடுவதாகத் தெரிந்தால் பல் வேலைக்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். முகமூடி வழியாகக் காற்றழுத்தம் கொடுத்துத் தொண்டை அடைபடாமல் வைக்கும் சிபாப் (CPAP) இயந்திரத்தை உடனே தொடங்குவது பற்றி மருத்துவரிடம் பேசுங்கள்.